பைப் பீவீசியா, பொலித்தீனா? செப்புக் கம்பியால் கண்டுபிடிப்போம்

அம்பாறைப் பக்கம் வயலுக்குத் தண்ணீர் இறைக்கிற பைப் வெடித்தால், ஒட்டுவதற்கு முன் அது என்ன பிளாஸ்டிக் என்று தெரியவேணும். பீவீசி கம் பொலித்தீனில் ஒட்டவே ஒட்டாது. வாளித் தண்ணீரில் போட்டால் பொலித்தீன் மிதக்கும், பீவீசி தாழும். ஆனால் சோடாப் போத்தல் பிளாஸ்டிக்கும் தாழுமே! அதனால் 1872இல் பெயில்ஸ்டைன் என்ற இரசாயனவியலாளர் கண்டுபிடித்த சுடர்ச் சோதனைதான் சரி.

பீவீசியின் நிறையில் ஏறத்தாழ 57 சதவீதம் குளோரீன். சூட்டில் அது ஐதரசன் குளோரைட்டாக வெளியேறி, கம்பியிலுள்ள செப்பு ஒட்சைட்டோடு சேர்ந்து செப்புக் குளோரைட்டாகும். அது ஆவியாகிச் சுடரைப் பச்சையாக்கும்.

1 மில்லிமீற்றர் தடிப்புள்ள தனி இழைச் செப்புக் கம்பி 15 சென்றிமீற்றர், ஒரு குறடு, கேஸ் டோர்ச் போதும். மெழுகுதிரியும் மண்ணெண்ணெய் விளக்கும் சரிவராது, மஞ்சள் சுடர் பச்சையை மறைத்துவிடும்.

பலரும் பிழைவிடுவது கம்பியில்தான். வீட்டு வயரின் மேலுறையே பீவீசி. அதை எரித்து உரித்தால் எதைச் சோதித்தாலும் பச்சைதான் வரும். கத்தியால் சீவி எடுத்து, சாண்ட்பேப்பரால் பளபளவென்று தேயுங்கள். மோட்டர் சுற்றுற கம்பியென்றால் அதன் வார்னிஷையும் தேய்த்து எடுக்கவேணும். பிறகு நுனியை நீலச் சுடரில் செந்தணலாகப் பிடியுங்கள். முதலில் கொஞ்சம் பச்சை வந்தால், அது முழுக்கப் போகும்வரை எடுக்க வேண்டாம். ஆறியதும் நுனி கறுத்திருக்கும். அந்தக் கறுப்புதான் ஒட்சைட்டு, அதைத் துடைக்காதீர்கள். விரலாலும் தொடாதீர்கள், வியர்வை உப்பிலும் குளோரைட்டு இருக்கிறது.

இனிக் கம்பியை மறுபடி சூடாக்கி, பைப்பில் அழுத்தி, அரிசிமணி அளவு உருகி ஒட்டியதும் சுடரின் ஓரத்தில் பிடியுங்கள். முதலில் புகைந்து மஞ்சளாக எரியும், அதை வைத்து முடிவெடுக்க வேண்டாம். அது அடங்கியபின் பச்சை வந்தால் பீவீசி. நடுப்பகல் வெயிலில் சுடரின் நிறம் தெரியாது, மம்மல் பொழுதில் செய்யுங்கள்.

வெளியில், காற்று முதுகுப் பக்கம் வீச நின்று செய்யுங்கள். புகை மூக்கைக் குத்தும், நஞ்சும்கூட. அரிசிமணிக்கு மேல் எரிக்கவே கூடாது. பீவீசித் துண்டுகளைக் குப்பையோடு கொளுத்துகிற பழக்கமும் இதே காரணத்தால் கெட்டது.

பிறகு சேர்த்தது: பைப் மரையில் சுற்றுகிற வெள்ளை டேப் பச்சை காட்டாது. அதிலிருப்பது புளோரீன், செப்புப் புளோரைட்டு இந்தச் சூட்டில் ஆவியாகாது. புரோமீனும் அயடீனும் பச்சை காட்டும், ஆனால் எது எதென்று பிரித்துச் சொல்ல இந்தச் சோதனையால் முடியாது.

கல்லடிக் கடற்கரையில் பொறுக்கிய துண்டென்றால் உப்புப் போக நல்ல தண்ணீரில் கழுவிக் காயவையுங்கள். யூரியா பையும் அப்படித்தான். யூரியாவில் குளோரீன் இல்லாவிட்டாலும் அதன் தூள் செப்புச் சயனைட்டை உண்டாக்கிப் பொய்ப் பச்சை காட்டும்.