வயர்லெஸ் டிரைவரில் காலாவதியான மாற்றுவழியை நீக்குவது எப்படி?

"இந்தச் சிப்பின் முதல் பதிப்பு எழுந்திருக்கத் தாமதமாகும், 10 மில்லிசெகண்ட் காத்திரு" என்று டிரைவரில் (வைஃபை சிப்பை இயக்கும் நிரலில்) சிப்பின் கோளாறைச் சமாளிக்கும் மாற்றுவழியாக ஒரு வரி கண்ணில் பட்டால் உடனே கை வைக்காதீர்கள். அது ஏன் வந்தது என்று முதலில் தேடுங்கள். ஒவ்வொரு வரியையும் கடைசியாக மாற்றிய கமிட்டை (பதிவான மாற்றத்தை) காட்டும் கிட் பிளேம் பல நேரம், யாரோ வரிகளை ஒழுங்குபடுத்திய கமிட்டில் போய் நின்றுவிடும். அதனால் நான் கமிட்டுகளைப் பட்டியலிடும் கிட் லாகில் பெரிய எஸ் கொடியோடு (-S) அந்த வரியில் உள்ள மாறிலியின் பெயரைக் கொடுப்பேன். அது முதலில் நுழைந்த கமிட் பட்டியலின் அடியில் இருக்கும்.

அப்புறம், அந்தச் சிப் யார் கையிலாவது இருக்கிறதா? சோதனை மாதிரியாக மட்டும் இருந்து, விற்பனைக்கே வராத பதிப்பென்றால் தாராளமாக நீக்கலாம். புது ஃபர்ம்வேர் (சிப்புக்குள் ஓடும் மென்பொருள்) கோளாறைச் சரிசெய்துவிட்டது என்பது மட்டும் எனக்குப் போதாது. டிரைவர் ஏற்கும் மிகப் பழைய ஃபர்ம்வேரிலும் அந்தத் திருத்தம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பழைய கருவி வைத்திருப்பவர் வைஃபை ஏன் அறுகிறது என்றே தெரியாமல் தவிப்பார்.

நீக்கும்போது அந்தச் சிப் பதிப்பைச் சோதிக்கும் நிபந்தனையோடு, அதற்காகவே இருந்த கொடி, ரெஜிஸ்டர் பெயர், மாட்யூல் அளவுரு எல்லாம் போகட்டும். வேறு மாற்றம் எதையும் இந்தப் பேட்சில் (அனுப்பப்போகும் மாற்றத்தில்) சேர்க்காதீர்கள். சிக்கல் வந்தால் இதை மட்டும் ரிவர்ட் செய்ய (பழையபடி மாற்ற) முடிய வேண்டும்.

சோதனையில் கணினியை உறங்கவைத்து எழுப்பும் சஸ்பெண்ட், ரெஸ்யூமை விட்டுவிடாதீர்கள். சிப்புக்கு மின்சாரம் போய்த் திரும்பும்போதுதான் இந்த மாதிரிக் கோளாறு தலைகாட்டும்.

லினக்ஸ் கெர்னலுக்கு என்றால், கமிட் செய்தியில் மாற்றுவழியைக் கொண்டுவந்த பழைய கமிட்டின் ஹாஷில் (அடையாளக் குறியீட்டில்) முதல் 12 எழுத்துகளையாவது தலைப்போடு குறிப்பிடுங்கள். பேட்சின் நடையைச் சரிபார்க்கும் செக்பேட்ச் ஓட்டிவிட்டுப் பராமரிப்பாளருக்கு அனுப்புங்கள்.