தொப்பைய மட்டும் தனியா கரைக்க முடியாதுங்க: நம்மாளுங்க திரும்பத் திரும்ப செய்ற தவறுங்க

காலைல அஞ்சரை மணிக்கு வேலூர் கோட்டை பக்கம் வந்து பாருங்க, அகழி ஓரமா எவ்ளோ பேரு நடக்குறாங்கன்னு. டெய்லி எழுந்து வர்றதே பெரிய விஷயம், அவங்கள சோம்பேறின்னு யாரும் சொல்ல முடியாது. ஆனா வருஷக்கணக்கா நடந்தும் வயிறு அப்டியே இருக்குன்னு மனசு ஒடஞ்சி பாதில விட்டுடுறாங்க பாருங்க, அதுதான் எனக்குக் கஷ்டமா இருக்கு.

மொதல் தப்பு, வயித்துக்கு மட்டும் எக்சர்சைஸ் பண்றது. டெய்லி நூறு கிரஞ்ச் (மல்லாக்க படுத்து தோள தூக்கி வயித்த இறுக்குற பயிற்சி) போட்டா உள்ள இருக்குற தசை பலமாவும், அதுமேல படிஞ்ச கொழுப்பு அசையாது, ஏன்னா எந்த எடத்துல மொதல்ல கரையணும்னு உடம்பு தான் முடிவு பண்ணும். கணக்கையும் பாருங்க. ஒரு கிலோ கொழுப்புன்னா சுமார் 7,700 கலோரி, 70 கிலோ ஆளு அரைமணி நேரம் வேகமா நடந்தா 120, 150 தான் செலவாவும், திரும்பி வர்றப்போ ரெண்டு உளுந்து வடையும் சக்கர போட்ட டீயும் சாப்ட்டா போனதுக்கு மேலயே உள்ள வந்துடுது.

ரெண்டாவது இந்த ஸ்வெட் பெல்ட்டு, வேர்வ வர வெக்க இடுப்புல இறுக்கி கட்டுறது. காட்பாடில இருக்குற எங்க அக்கா வூட்டுக்காரர் மே மாச வெயில்ல இடுப்புல பெல்ட்ட கட்டி மேல பிளாஸ்டிக் ஜாக்கெட்டும் போட்டுக்கினு ஓடுனாரு. நம்ம ஊர்ல மே மாசம்னா சாதாரணமா 40 டிகிரிய தாண்டும். கண்ணு இருட்டிக்கினு வந்து ரோட்டோரமா உக்காந்துட்டாரு, உப்பு போட்ட மோர் குடுத்து நெழல்ல படுக்க வெச்சப்புறம் தான் எங்களுக்கு உசுரே வந்துச்சு. அன்னிக்கு வெயிட்டு ஒரு கிலோ கம்மியா காட்டுச்சு, மறுநாளே பழையபடி வந்துடுச்சு. போனது வெறும் தண்ணிங்க, கொழுப்பு இல்ல.

அடுத்தது, நட மட்டும் போதும்னு நெனைக்கறது. நட நல்லது தான், வாரத்துக்கு 150 நிமிஷமாவது வேணும்னு உலக சுகாதார நிறுவனமே சொல்லுது, ஆனா அதோட வாரம் ரெண்டு நாளு தசைக்கான பயிற்சியும் வேணும்னு சொல்றத யாரும் காதுல வாங்குறதில்ல. 2014லயும் 2018லயும் காமன்வெல்த் போட்டில வெயிட்லிஃப்டிங் 77 கிலோ பிரிவுல தங்கம் வாங்குன சதீஷ் சிவலிங்கம் நம்ம வேலூர் சத்துவாச்சாரி ஆளு, அப்டிப்பட்ட ஊர்ல பொம்பளைங்க வெயிட்டு தூக்குனா ஆம்பள மாதிரி ஆய்டுவோம்னு பயப்படுறாங்க. ஆவ மாட்டீங்க. வயசு ஏற ஏற தசை கொறையும், அதத் தடுக்க ஜிம்முக்கே போவணும்னு இல்ல. நாற்காலில கை ஊனாம மெதுவா உக்காந்து எழுந்திரிங்க, பத்து தடவ, மூணு ரவுண்டு. செவுத்துல கை வெச்சி தள்ளுங்க. ரெண்டு கைலயும் தண்ணி கேன புடிச்சிக்கினு மொட்டமாடில நடங்க.

பிரசவம் ஆன பொண்ணுங்க மட்டும் நேரா சிட்டப்ஸ்ல எறங்காதீங்க, நடுவயித்துல தசை பிரிஞ்சிருந்தா பிசியோதெரபிஸ்ட்ட காட்டிட்டு ஆரம்பிங்க. ராத்திரி தூக்கத்த கெடுத்துக்கினு காலைல ஓடுறதும் வேணாம். ஞாயித்துக்கெழம பிரியாணிய விடணும்னு கூட நான் சொல்ல மாட்டேன், மத்த ஆறு நாளும் தட்டுல முட்டையோ சுண்டலோ இருக்கணும், சோறு கொஞ்சம் கொறையணும்.

கடைசியா, வெயிட்டு மெஷின மட்டும் நம்பாதீங்க. தையக்கார டேப்ப எடுத்து கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவுல சுத்தி, மூச்ச வுட்டப்புறம், வயித்த எக்காம அளவு எடுங்க. நம்ம ஆளுங்களுக்கு ஆம்பளன்னா 90 சென்டிமீட்டர், பொம்பளன்னா 80, அதுக்குள்ள இருக்கணும்.

மாமா அந்த பெல்ட்ட பரண்ல போட்டுட்டாரு. ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம அக்கா தான் டேப்பு புடிக்குது. மூணு மாசத்துல வெயிட்டு ரெண்டு கிலோ தான் எறங்குச்சு, ஆனா இடுப்பு 104ல இருந்து 99க்கு வந்துடுச்சு. இன்னும் ஒம்போது பாக்கி, நடந்துக்கினு தான் இருக்காரு.