உபுண்டுவில் போஸ்ட்ஜிஐஎஸ்: நிறுவி, ஒரு தூரத்தை அளந்து பார்ப்போம்

பேருந்து நிறுத்தங்கள், கிணறுகள், வார்டு எல்லைகள் என்று இடம் சார்ந்த விவரங்களைச் சேர்த்து வைப்பவர்கள் பலர். 'இந்த நிறுத்தத்திலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் எத்தனை பள்ளிகள்?' என்று கேட்டால் எக்செல் தாள் திணறும். போஸ்ட்கிரெஸ்கியூஎல் தரவுத்தளத்துடன் போஸ்ட்ஜிஐஎஸ் என்ற நீட்சியைச் சேர்த்தால் ஓரிரு வரிகளில் பதில் கிடைத்துவிடும். இரண்டும் கட்டற்ற மென்பொருள்கள், காசும் வேண்டாம். போஸ்ட்ஜிஐஎஸ் 2001-இல் கனடாவின் ரெஃப்ராக்ஷன்ஸ் ரிசர்ச் நிறுவனத்திலிருந்து வெளிவந்தது.

இங்கே லினக்ஸ் இயங்குதளங்களில் ஒன்றான உபுண்டு 24.04-ஐ வைத்துச் சொல்கிறேன். கட்டளைகளை ஒலிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். முனையத்தில் (கட்டளைகளைத் தட்டும் டெர்மினல் சாளரத்தில்) அவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்டுங்கள். பெரிய எழுத்து வேண்டிய இடத்தில் சொல்லிவிடுகிறேன்.

படி 1: நிறுவுதல்

சூடோ ஆப்ட் அப்டேட்
சூடோ ஆப்ட் இன்ஸ்டால் போஸ்ட்கிரெஸ்கியூஎல் போஸ்ட்ஜிஐஎஸ் போஸ்ட்கிரெஸ்கியூஎல்-16-போஸ்ட்ஜிஐஎஸ்-3

கடைசித் தொகுப்பில்தான் நீட்சி இருக்கிறது. வெறும் 'போஸ்ட்ஜிஐஎஸ்' என்ற தொகுப்பு, கோப்புகளை ஏற்றி இறக்கும் கருவிகளுக்கானது. 16 என்பது போஸ்ட்கிரெஸ்கியூஎல் பதிப்பு. உபுண்டுவுக்குப் பதில் டெபியன் 12 என்ற லினக்ஸ் வைத்திருப்பவர்கள் 15 என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

படி 2: பயனரும் தரவுத்தளமும்

சூடோ -யு போஸ்ட்கிரெஸ் கிரியேட்யூசர் --பிடபிள்யூபிராம்ப்ட் நிலா
சூடோ -யு போஸ்ட்கிரெஸ் கிரியேட்டிபி -ஓ நிலா ஊர்கள்

இரண்டாம் வரியில் 'ஓ' பெரிய எழுத்து. நிலா, ஊர்கள் இரண்டும் நான் வைத்த பெயர்கள். கடவுச்சொல்லைத் தட்டும்போது திரையில் எதுவும் தெரியாது. விசைப்பலகையைச் சந்தேகிக்க வேண்டாம்.

படி 3: நீட்சியை இயக்குதல்

சூடோ -யு போஸ்ட்கிரெஸ் பிஎஸ்கியூஎல் ஊர்கள் -சி "கிரியேட் எக்ஸ்டென்ஷன் போஸ்ட்ஜிஐஎஸ்;"

கணினியில் நிறுவியதோடு வேலை முடிந்துவிடாது. தரவுத்தளம் ஒவ்வொன்றிலும் இதைத் தனித்தனியாகச் செய்ய வேண்டும். நிர்வாக உரிமை தேவைப்படுவதால்தான் நிலாவை விட்டுவிட்டு போஸ்ட்கிரெஸ் பயனரை அழைக்கிறோம்.

படி 4: உள்ளே நுழைதல்

பிஎஸ்கியூஎல் -எச் லோக்கல்ஹோஸ்ட் -யு நிலா ஊர்கள்

இங்கே 'யு' பெரிய எழுத்து. '-எச் லோக்கல்ஹோஸ்ட்' இல்லாவிட்டால், உங்கள் லினக்ஸ் பயனர்பெயரும் 'நிலா'வும் ஒன்றா என்று தரவுத்தளம் பார்க்கும். இல்லையென்றால் கதவைச் சாத்திவிடும். இணையத்தில் தேடினால் உள்ளமைவுக் கோப்பைத் திருத்தச் சொல்வார்கள். தேவையே இல்லை.

படி 5: சென்னையிலிருந்து மதுரை

செலக்ட் எஸ்டி_டிஸ்டன்ஸ்('பாயின்ட்(80.27 13.08)'::ஜியாமெட்ரி, 'பாயின்ட்(78.12 9.93)'::ஜியாமெட்ரி);

விடை 3.81 என்று வரும். என்ன 3.81? பாகைகள். தட்டையான காகிதத்தில் அளப்பதுபோல் அளந்திருக்கிறது, நமக்குப் பயனில்லை. இரண்டு இடங்களிலும் 'ஜியாமெட்ரி' என்பதை 'ஜியாக்ரபி' என்று மாற்றி மறுபடி இயக்குங்கள். இப்போது பூமியின் வளைவைக் கணக்கில் கொண்டு, மீட்டரில் விடை வரும்: ஏறத்தாழ 420 கிலோமீட்டர். இது நேர்கோட்டுத் தூரம். சாலைவழி இதைவிடக் கூடும்.

எண்களின் வரிசையைக் கவனித்தீர்களா? தீர்க்கரேகை முதலில், அட்சரேகை பிறகு. பள்ளியில் படித்த பழக்கத்தில் 13.08 80.27 என்று எழுதினால் பிழைச்செய்தி எதுவும் வராது. சென்னை சத்தமில்லாமல் நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுகளுக்கு வடக்கே, ஆர்க்டிக் கடலுக்குள் போய்விடும். வரைபடத்தில் புள்ளிகளைக் காணவில்லை என்றால் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும்.

படி 6: சொந்தக் கோப்பை ஏற்றுதல்

பின்சாய்வுக் கோடு, க்யூ தட்டி வெளியே வந்துவிடுங்கள். ஷேப் கோப்பு (வரைபட விவரங்களைச் சேமிக்கும் கோப்பு வகை, .எஸ்எச்பி என்று முடியும்) கையில் இருந்தால்:

எஸ்எச்பி2பிஜிஎஸ்கியூஎல் -எஸ் 4326 -ஐ வார்டு.எஸ்எச்பி வார்டு | பிஎஸ்கியூஎல் -எச் லோக்கல்ஹோஸ்ட் -யு நிலா ஊர்கள்

'ஐ', கடைசியில் வரும் 'யு' இரண்டும் பெரிய எழுத்துகள். 'ஐ' போட்டால் தேடலை வேகமாக்கும் ஜிஸ்ட் சுட்டி கூடவே உருவாகும். 4326 என்பது ஜிபிஎஸ் பயன்படுத்தும் ஆயமுறையின் (இடங்களை எண்களால் குறிக்கும் முறையின்) எண். உங்கள் கோப்பு அதில்தான் இருக்கிறதா என்பதை உடன் வரும் பிஆர்ஜே கோப்பைத் திறந்து பார்த்துக்கொள்ளுங்கள். யுடிஎம் 44 வடக்கு (மீட்டரில் அளக்கும் வேறோர் ஆயமுறை) என்றிருந்தால் 4326-க்குப் பதில் 32644:4326 என்று கொடுங்கள், ஏற்றும்போதே மாற்றிக்கொள்ளும்.