பலெஸ்த்ரீனா பதிவில் ஒட்டு தெரிந்தது, சரிசெய்த விதம்

இத்தாலிய இசையமைப்பாளர் பலெஸ்த்ரீனாவின், 1567-இல் அச்சான ஆறு குரல் திருப்பலி இசையான ‘மிஸ்ஸா பாப்பே மார்செல்லி’யைக் கல் தேவாலயத்தில் பதிவுசெய்தால் எதிரொலி நான்கைந்து வினாடி நீளும். இரண்டு டேக்கை (தனித்தனியாகப் பாடிப் பதிந்த துண்டுகளை) இணைத்த இடம் காதில் உறுத்தியது. முந்தைய சுரத்தின் எதிரொலி புது டேக்கில் இல்லாததே காரணம். பிசகிய இடத்துக்கு நான்கைந்து பார் (தாளக் கட்டம்) முன்பிருந்தே மறுபடி பாடவைத்ததும் தீர்ந்தது. டேக்குகளை இணைக்கும் வெட்டை ‘க’, ‘த’ போன்ற வல்லின ஒலியில் வைத்தால் மறைந்துவிடும். நீண்ட உயிரொலியில் வைக்கவே கூடாது.

பெரிய தலைவலி சுருதிதான். பக்கவாத்தியம் இல்லை, மேலேறும் சுர இடைவெளிகளைக் குறுக்கிப் பாடப்பாட ஆறு குரலும் சேர்ந்தே இறங்கும், பிறகு எந்த டேக்கும் எதனோடும் ஒட்டாது. ஒவ்வொரு டேக்குக்கும் முன் டியூனிங் ஃபோர்க்கில் (இசைக்கவையில்) சுருதி கொடுத்தோம். டேக்குக்கு டேக் இடம் மாறாதிருக்க, மைக் ஸ்டாண்ட், பாடகர் நிற்கும் இடம் இரண்டுக்கும் தரையில் டேப் குறி வேண்டும்.