கைபேசியில் பாதுகாப்புச் சான்றிதழ்களைச் சேர்ப்பதும் நீக்குவதும்

ஓர் இணையதளம் தன்னை யாரென்று சொல்லிக்கொள்கிறதோ அதுவேதானா என்பதைக் கைபேசி அதன் டிஜிட்டல் சான்றிதழைக் கொண்டு சரிபார்க்கிறது. அந்தச் சான்றிதழை வழங்கிய நிறுவனத்தை நம்பலாமா என்பதற்கு, இயங்குதளத்தோடு வரும் நூற்றுக்கும் மேற்பட்ட ரூட் சான்றிதழ்களின் (நம்பகமான வழங்குநர்களின் மூலச் சான்றிதழ்கள்) பட்டியலே ஆதாரம். அந்தப் பட்டியலில் நாமாக ஒன்றைச் சேர்த்தால், அதற்குரிய மறைச்சாவியை (சான்றிதழுக்குக் கையொப்பமிடப் பயன்படும் இரகசியக் குறியீட்டை) வைத்திருப்பவரால் ஏறத்தாழ எந்தத் தளத்தின் பெயரிலும் போலிச் சான்றிதழ் உருவாக்கி, நமது உலாவியை நம்பவைக்க முடியும். ஆகவே "இணைப்பைப் பெற இதை நிறுவுங்கள்" என்று யாரோ அனுப்பும் ரூட் சான்றிதழை, காரணம் தெரியாமல் நிறுவவே கூடாது.

அலுவலகமோ கல்லூரியோ கேட்கும்போது, முதலில் அது எந்த வகை என்று கேளுங்கள். வைஃபை அல்லது விபிஎன் (இணையத்தின் வழியே செல்லும் மறையாக்கப்பட்ட தனி இணைப்பு) இணைப்பில் உங்களை அடையாளம் காட்டும் தனிநபர் சான்றிதழ் வேறு. ரூட் சான்றிதழ் வேறு. முன்னது பெரும்பாலும் பி12 அல்லது பிஎஃப்எக்ஸ் வகைக் கோப்பாக, கடவுச்சொல்லுடன் வரும். அதனுள் உங்கள் மறைச்சாவியே இருப்பதால், கோப்பையும் கடவுச்சொல்லையும் ஒரே மின்னஞ்சலில் பெறாதீர்கள். நிறுவி முடித்ததும் பதிவிறக்கக் கோப்புறையிலிருந்து அதை அழித்துவிடுங்கள். ரூட் சான்றிதழாக இருந்தால், அதன் எஸ்ஹெச்ஏ-256 கைரேகை எண்ணை (சான்றிதழின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும், அதற்கே உரிய அடையாள எண்) நிர்வாகியிடம் நேரிலோ தொலைபேசியிலோ ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது. இதற்குச் செலவாகும் இரண்டு நிமிடம் வீண் அல்ல.

ஆண்ட்ராய்டில் அமைப்புகளுக்குள் பாதுகாப்புப் பகுதியில் சான்றிதழ் நிறுவும் இடம் இருக்கும். கைபேசிக்குக் கைபேசி பாதை மாறுவதால், அமைப்புகளின் தேடல் பெட்டியில் தேடுவதே எளிது. திரைப்பூட்டு இல்லையென்றால் முதலில் அதை அமைக்கச் சொல்லும். ஆண்ட்ராய்டு 7 முதல், பயனர் சேர்க்கும் ரூட் சான்றிதழைச் செயலிகள் இயல்பாக ஏற்பதில்லை என்பதால், உலாவியில் வேலை செய்யும் சான்றிதழ் ஒரு செயலியில் வேலை செய்யாமல் போனால் அதைப் பிழையாகக் கருத வேண்டாம்.

ஐபோனில் இரண்டு படிகள் உண்டு. பதிவிறக்கிய சுயவிவரத்தை (சான்றிதழ் அடங்கிய அமைப்புக் கோப்பை) பொது அமைப்புகளில் விபிஎன், சாதன மேலாண்மைப் பகுதிக்குச் சென்று நிறுவ வேண்டும். எட்டு நிமிடத்துக்குள் நிறுவாவிட்டால் அது தானாகவே அழிந்துவிடும். ரூட் சான்றிதழுக்கு இது மட்டும் போதாது. 'அறிமுகம்' பக்கத்தின் அடியில் உள்ள சான்றிதழ் நம்பிக்கை அமைப்பிலும் அதை நாமே இயக்க வேண்டும்.

சான்றிதழ் எச்சரிக்கை தோன்றினால், முதலில் கைபேசியின் தேதியையும் நேரத்தையும் பாருங்கள்; அவை தவறாக இருந்தால் செல்லுபடியாகும் சான்றிதழும் காலாவதியானதாகத் தெரியும். பழைய கைபேசியில் ரூட் பட்டியலே பழையதாக இருக்கலாம். இணையதளங்களுக்கு இலவசமாகச் சான்றிதழ் வழங்கும் லெட்ஸ் என்க்ரிப்ட் அமைப்பின் இன்றைய ரூட் சான்றிதழ் ஆண்ட்ராய்டு 7.1.1-க்கு முந்தைய பதிப்புகளில் இல்லை. அத்தகைய கைபேசியில், தனக்கென ரூட் பட்டியல் வைத்திருக்கும் ஃபயர்பாக்ஸ் உலாவி, அதில் இயங்கும் பதிப்பு இருந்தால், உதவக்கூடும்.

இயங்குதளப் புதுப்பிப்பைத் தள்ளிப்போடாதீர்கள். 2011-இல் சான்றிதழ் வழங்கும் நெதர்லாந்தின் டிஜிநோட்டார் நிறுவனத்துக்குள் ஊடுருவியவர்கள் கூகுளின் பெயரிலேயே போலிச் சான்றிதழ் உருவாக்கினார்கள். ஈரானில் ஜிமெயில் பயனர்களை உளவு பார்க்க அது பயன்பட்டது. அந்நிறுவனத்தின் ரூட் நீக்கப்பட்டதும் புதுப்பிப்புகளின் வழியாகத்தான்.

நீக்கும்போது, ஆண்ட்ராய்டில் நம்பகச் சான்றுகளின் பட்டியலில் 'பயனர்' பிரிவை மட்டும் திறந்து, தேவையற்றதைத் தனியாக நீக்குங்கள். 'அமைப்பு' பிரிவில் உள்ளவற்றைக் காரணமின்றி முடக்கினால் பல தளங்கள் திறக்காமல் போகும். எல்லாச் சான்றுகளையும் அழிக்கும் தெரிவு, வைஃபை, விபிஎன் சான்றிதழ்களையும் சேர்த்தே துடைத்துவிடும். அவற்றை மீண்டும் பெற வழி இருக்கிறதா என்று உறுதிசெய்துகொண்ட பிறகே அதைத் தொடுங்கள்.