ஒரே சுவரில் இரு ஜன்னல்கள்: காற்றை அறைக்குள் திருப்பும் தடுப்புகள்

சென்னையில் தெற்கு நோக்கிய அறைகள் பலவற்றில், மாலையில் தென்கிழக்கிலிருந்து கடற்காற்று நன்றாக வீசும்போதும் உள்ளே புழுக்கம் தணிவதில்லை. இரு ஜன்னல்களும் ஒரே சுவரில் இருக்க, எதிர்ச்சுவரில் திறப்பே இல்லாதபோது, காற்று சுவரை உரசிக்கொண்டு போய்விடுகிறது. இரு ஜன்னல்களிலும் காற்றழுத்தம் ஏறத்தாழ ஒன்றாகவே இருப்பதால், அது உள்ளே நுழையக் காரணமில்லை.

இந்த அழுத்தச் சமநிலையைக் குலைப்பதே தடுப்பின் வேலை. வெளிப்புறமாகத் திறக்கும் இரட்டைக் கதவு ஜன்னல்களாக இருந்தால் தச்சரைக்கூட அழைக்க வேண்டியதில்லை. அறைக்குள் நின்று பார்க்கையில் இடப்பக்க ஜன்னலின் வலக்கதவையும், வலப்பக்க ஜன்னலின் இடக்கதவையும் சுவருக்குச் செங்குத்தாக நிறுத்திக் கொக்கியிடுங்கள். மற்ற இரு கதவுகளையும் சுவரோடு ஒட்டும்படி முழுவதும் மடக்கிவிடுங்கள். கிழக்கிலிருந்து வரும் காற்று முதல் கதவில் மோதித் தேங்கி உள்ளே திரும்பும். இரண்டாவது கதவின் மறைவில் அழுத்தம் குறைவதால், அறைக்காற்று அவ்வழியே வெளியேறும். எல்லாக் கதவுகளையும் ஒரே அளவில் திறந்து வைப்பதுதான் பலரது வழக்கம். அப்போது காற்று வரும் பக்கத்துக் கதவே முதல் ஜன்னலை மறைத்துவிடுகிறது.

நகரும் கண்ணாடி ஜன்னல்களுக்கு, அதே இரு இடங்களில், ஜன்னலின் உயரத்துக்குச் சமமான மரைன் பிளைவுட் பலகைகளைப் பொருத்தலாம். ஜன்னல் அகலத்தில் பாதியளவாவது பலகை வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். முழு அகலமும் நீண்டால் இன்னும் நல்லது. புயல் வீசும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை மடக்கிப் பூட்டிவைக்கும்படி கீல் வைத்தே பொருத்துங்கள். மேல்மாடிகளில் இதைச் செய்யாதிருப்பதே நல்லது என்பது என் கருத்து. பலகை பெயர்ந்தால் கீழே போகிறவர் தலையில்தான் விழும்.

பலன் தெரிய, மின்விசிறியை நிறுத்திவிட்டு, ஜன்னல் கம்பியருகே ஊதுபத்தியைப் பிடித்துப் பாருங்கள். ஒரு ஜன்னலில் புகை அறைக்குள் சாய்ந்து, மற்றொன்றில் கம்பிகளுக்கிடையே வெளியே இழுபட வேண்டும். இரண்டிலும் நேராக மேலெழுந்தால், அந்நேரம் காற்று வீசவில்லை, அல்லது உங்கள் சுவரின் பின்புறத்திலிருந்து வருகிறது. அதற்கு இந்தத் தடுப்புகள் உதவா.

ஜூன் மாதத்தில் தென்மேற்கிலிருந்து காற்று வீசும்போது எதையும் மாற்ற வேண்டியதில்லை. வலப்பக்க ஜன்னல் காற்றை வாங்க, இடப்பக்க ஜன்னல் வெளியேற்றும்.