வளர்ப்புப் பல்லி அசையாமல் கிடக்கிறதா?

முதலில் தொட்டியின் சூட்டைப் பாருங்கள். பல்லியின் உடம்பு தானாகச் சூட்டை உண்டாக்கிக்கொள்ளாது. விளக்கடியில் காய்ந்தால்தான் ஓட முடியும், தின்றதும் செரிக்கும். பியர்டட் டிராகன் என்ற பல்லி வகை காயும் இடத்தில் சுமார் 40 டிகிரி செல்சியஸ் வேண்டும். மறு ஓரம் 25 போலக் குளுமையாக இருக்கட்டும். கண்ணாடியில் ஒட்டிய வெப்பமானியை நம்பிவிடாதீர்கள், காயும் கல்லின் மேலேயே அளந்து பாருங்கள். புற ஊதா விளக்கு பளிச்சென்று எரிந்தாலும் ஓராண்டுக்குள் வீரியம் குறைந்துவிடும்.

சரி, லெப்பர்ட் கெக்கோ என்றால்? அது பகலெல்லாம் தூங்குகிற ஜாதி, அந்தி சாய்ந்ததும் பாருங்கள். தோல் வெளிறியிருந்தால் உரிக்கப் போகிறது. கையில் எடுக்காமல் விடுங்கள். வால் மெலிந்தாலோ கண் குழிந்தாலோ காத்திருக்க வேண்டாம், ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.